நெபுலைசர் தரும் நிம்மதி

நேயர்களுக்கு என் வணக்கம். ஆஸ்துமா உள்ளவர்களின் வீட்டில் நள்ளிரவில் எழும் நெபுலைசரின், அதாவது திரவ மருந்தை மூட்டமாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் கருவியின், இரைச்சலை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். மருந்து உள்ளே போவதற்கு முன்பே, அந்த ஒலியைக் கேட்டதும் இளைப்பு தணிந்ததாகச் சொன்ன நோயாளிகளும் எனக்கு உண்டு.

அதில் பெரும்பாலும் ஊற்றப்படும் சால்பியூட்டமால், மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகியிருக்கும் தசையைச் சில நிமிடங்களிலேயே தளர்த்தி, 4 முதல் 6 மணி நேரம் வரை மூச்சை எளிதாக்குகிறது. ஆனால் குழாயின் உட்சுவரில் உள்ள அழற்சியை அது தணிப்பதில்லை. அதற்கு, இளைப்பு இல்லாத நாளிலும் தவறாமல் எடுக்கவேண்டிய உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து வேண்டும். நிம்மதி கிடைத்ததும் பலர் நிறுத்துவது, வேடிக்கையாக, அந்த மருந்தைத்தான்.

ஒரு தாய் நினைவுக்கு வருகிறார். நாளுக்கு மூன்று வேளை நெபுலைசர் வைத்தும் பிள்ளைக்கு வீசிங் குறையவில்லை என்றார். எப்படி வைக்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். பிள்ளை அழுகிறான் என்பதற்காக முகமூடியை நான்கு விரற்கடை தள்ளியே பிடித்தார். மருந்து மூட்டத்தில் பெரும்பகுதி அவர் முகத்தில்தான் படிந்தது. "உங்களுக்கு ஆஸ்துமா இருந்திருந்தால் இதற்குள் குணமாகியிருக்கும், அம்மா" என்றேன், அவரும் சிரித்துவிட்டார். முகமூடி முகத்தோடு பொருந்தியிருக்கவேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை. வீறிட்டு அழும் குழந்தையின் நுரையீரலுக்கு மருந்து குறைவாகவே போய்ச் சேரும் என்பதால், மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, முதலில் அமைதிப்படுத்துங்கள்.

இன்ஹேலரின் ஒரு அழுத்தத்தில் வருவது 100 மைக்ரோகிராம், நெபுலைசரில் ஊற்றுவதோ 2.5 மில்லிகிராம்; ஆகவே நெபுலைசரே வலிமையானது என்பார்கள். ஆனால் கருவியின் கிண்ணத்தில் தங்குவதும் காற்றில் கலைவதும் போக, நுரையீரலைச் சேர்வது அதில் சிறு பங்குதான். கடுமையற்ற இளைப்புக்கு, ஸ்பேசர் என்னும், மருந்தைத் தேக்கி இழுக்க உதவும் குழாய் பொருத்திய இன்ஹேலரை மருத்துவர் சொன்ன அளவில், சரியான முறையில் எடுத்தால் அதே பலன் கிடைக்கும்.

கருவியைச் சுத்தம் செய்வது பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஆனால் கண்ணாடிக்கு அப்பால் நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒவ்வொரு முறையும் கிண்ணத்தையும் முகமூடியையும் கழுவி உலரவையுங்கள். மருந்தெடுத்த 4 மணி நேரத்திற்குள் இளைப்பு திரும்பினாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். நன்றி, வணக்கம்.