யார் வீட்டில் தங்குவது?

(பங்குக் குடும்பங்களின் தவக்காலக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பேதுருவின் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். மாற்கு நற்செய்தி முதல் அதிகாரத்தில் அது சீமோன் (பேதுருவின் இயற்பெயர்), அந்திரேயா இருவருக்கும் சொந்தமான வீடாக வருகிறது. சகோதரர்கள் இருவர், உள்ளே சீமோனின் மாமியார் காய்ச்சலில் படுத்திருக்கிறார். ஆக, நம் முதல் திருத்தந்தை கூட்டுக் குடும்பத்துக்காரர். கப்பர்நாகூமில் 1968-இல் பிரான்சிஸ்கன் துறவிகள் தோண்டத் தொடங்கியபோது, 5-ஆம் நூற்றாண்டு எண்கோணக் கோயிலுக்கு அடியில் ஒரு பழைய வீடு கிடைத்தது. பேதுருவின் வீடு என்று மரபு காட்டுவது அதைத்தான். நடுவில் பொது முற்றம், சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் இருமினால் அடுத்த அறையில் தூக்கம் கலைந்திருக்கும்.

இயேசு கையைப் பிடித்துத் தூக்கினார், காய்ச்சல் விட்டது, அந்த அம்மா எழுந்து பணிவிடை செய்தார். இந்த இடத்தில் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சின்னதாக ஒரு கோபம் வரும். ஆண்டவரைச் சேர்க்காமலே அங்கே நாலு ஆண்கள் இருந்தார்கள்: சீமோன், அந்திரேயா, யாக்கோபு, யோவான். “நீங்க படுங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்” என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம். சொன்னதாக மாற்கு எழுதவில்லை.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தைச் சிலர் ‘லெந்து காலம்’ என்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வசந்தம் என்றுதான் பொருள். பகல் நீளும் பருவம். பூமியின் தென்பாதியில் இருப்பவர்களுக்கு இது இலையுதிர் காலம், அவர்கள் மன்னிக்கவும். பகல் நீண்டால் வீட்டில் என்ன ஆகும்? ஜன்னலில் வெளிச்சம் விழுந்ததும் குழந்தை எழுந்துவிடும். அதற்கு முன்பே தாத்தா எழுந்து செபமாலையை உருட்டிக்கொண்டிருப்பார். நடுவில் இருக்கும் தலைமுறைக்குத் தூக்கம் இரண்டு பக்கமும் வெட்டுப்படும்.

இந்த நாற்பது நாளில்தான் நாலு தலைமுறையும் ஒரே கூரையின் கீழ் ஒன்றாகத் தவம் செய்ய முயல்கிறோம். சண்டையும் அங்கேதான் பிறக்கிறது. ஒருசந்தி (நாளுக்கு ஒரே முழுச் சாப்பாடு), சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) பற்றித் திருச்சபைச் சட்டம் சொல்வதைக் கவனியுங்கள். 1983-இன் சட்டத் தொகுப்பின்படி, சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 நிறைந்ததிலிருந்து அறுபதாவது வயது தொடங்கும்வரை. அதாவது ஒரே மேசையில் பாட்டிக்கு ஒருசந்தி கிடையாது, பேரனுக்கும் கிடையாது. மகனுக்கும் மருமகளுக்கும் உண்டு. வயதுக்கு ஏற்ற தவத்தை அளந்துதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்தப் பாட்டி இதைக் கேட்கிறார்? மாத்திரை போட வேண்டிய பாட்டி பெரிய வெள்ளியன்று வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார். மருமகள் தட்டைக் கொண்டுவந்து வைப்பார், எடுத்துப் போவார், மறுபடி வைப்பார். “உங்க காலத்துல பக்தி இவ்வளவுதான்” என்ற பேச்சும் வரும். தானும் ஒருசந்தி இருந்துகொண்டு மற்ற அத்தனை பேருக்கும் சமைத்தவர் அந்த மருமகள் என்பது அப்போது யார் கண்ணிலும் படாது.

குடும்ப செபம் இன்னொன்று. பெரியவர்கள் இறந்தவர்கள் பெயரை எல்லாம் வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள் குழந்தை தூங்கிவிடும். தூங்கட்டும். அந்தப் பெயர்கள் தூக்கத்திலும் காதில் விழும் என்று நம்புகிறவன் நான்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பாஸ்கா திருவிழிப்பு, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவின் வழிபாடு, முழுக்க முழுக்க இரவுக்கே உரியது. இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும், விடியுமுன் முடிய வேண்டும். ஒரு காலத்தில் அதைச் சனிக்கிழமைக் காலையிலேயே முடித்துவிடுவார்கள். திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் (பயஸ்) 1951-இல் சோதனையாகவும், 1956 முதல் எல்லாருக்குமாகவும் அதை இரவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். நல்ல சீர்திருத்தம். நெருப்பும் மெழுகுதிரியும் பகல் வெளிச்சத்தில் என்ன அழகு? ஆனால், படுத்த படுக்கையாய் ஒருவரும் கைக்குழந்தை ஒன்றும் இருக்கிற வீட்டில் இரவு வழிபாடு என்றால் ஒரு கேள்வி உண்டு. யார் வீட்டில் தங்குவது?

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. அம்மா தங்குவார். அப்புறம் நாங்கள் நள்ளிரவு தாண்டித் திரும்பி வந்து, மெழுகுதிரி வாசனையோடு, “அல்லேலூயா எவ்வளவு அருமையா பாடினாங்க தெரியுமா?” என்று சொல்வோம். அவர் கேட்டுக்கொண்டே சாப்பாட்டைச் சூடாக்குவார். ஒரு வருடம் என் மகள்தான் கேட்டாள்: “அப்பாயி, நீங்க கடைசியா எப்ப போனீங்க?” அம்மா வருடத்தைச் சொல்லவில்லை. “உங்கப்பா வயித்துல இருந்தப்ப” என்றார். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது.

நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. கோயில் மணி, ஒலிபெருக்கி, கார் சாவி என்று கிளம்புகிற அவசரத்தில் அது அப்படியே போய்விட்டது. அடுத்த வருடம் என் மகன், பதினைந்து வயது, “நான் தாத்தாகூட இருக்கேன், அப்பாயி போகட்டும்” என்றான். அம்மா மூன்று முறை மறுத்தார். எந்தச் சேலை கட்டுவது என்று தெரியாமல் நின்றார். கோயிலில் இருட்டில் மெழுகுதிரி கைக்குக் கை மாறி வந்தபோது, என்னிடமிருந்து பற்றவைத்துக்கொண்ட அவர் கை நடுங்கியது. பாஸ்கா மெழுகுதிரியைப் போற்றும் புகழுரை பாடி முடியும்வரை அவர் உட்காரவில்லை, சுடரைவிட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை.

வீடு திரும்பினோம். பையன் நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். பேச்சு போய் இரண்டு வருடமாகியிருந்த அப்பா முழுசாக விழித்திருந்தார். தன் போர்வையில் பாதியை இழுத்துப் பையனின் முழங்காலில் போட்டிருந்தார். அம்மா அணைந்த மெழுகுதிரியை அலமாரியில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர்கள் இருவரையும் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அன்று சாப்பாட்டைச் சூடாக்கியது நான்.