போர் முடிஞ்சதும் மேஜையில யார் உக்காந்தாங்க?

எல்லாருக்கும் வணக்கம். உலகப் போர்னாலே யார் ஜெயிச்சா, எத்தனை லட்சம் பேர் செத்தாங்கன்னு பேசிட்டு நாம நிறுத்திடுறோம். ஆனா போர் முடிஞ்சதும் ஜெயிச்சவங்க உக்காந்து எழுதுற விதி இருக்கே, அதுதாங்க அப்புறம் பொறக்குற பிள்ளைகளையும் சேர்த்து ஆளுது.

முதல் போர் முடிஞ்சு 1919ல வெர்சாய் ஒப்பந்தம். ஜெர்மனிய பேச்சுவார்த்தைல சேர்க்கவே இல்ல, எழுதி முடிச்சுட்டு கையெழுத்து போடுன்னாங்க, 1921ல 13,200 கோடி தங்க மார்க் நஷ்டஈடுன்னு தலையில கட்டுனாங்க, அந்த அவமானத்தையும் 1929க்கு அப்புறம் வந்த வேலையில்லா திண்டாட்டத்தையும் வச்சுத்தான் ஹிட்லர் கூட்டம் சேர்த்தான். இருபதே வருஷத்துல அடுத்த போர்.

ரெண்டாவது தடவை வேற மாதிரி செஞ்சாங்க. 1948ல அமெரிக்கா ஆரம்பிச்ச மார்ஷல் திட்டத்துல மேற்கு ஐரோப்பாவுக்கு சுமார் 1,300 கோடி டாலர் உதவி, அதுல மேற்கு ஜெர்மனிக்கும் பங்கு. 1953ல லண்டன்ல மேற்கு ஜெர்மனியோட கடன்ல கிட்டத்தட்ட பாதிய தள்ளுபடி பண்ணாங்க. சோவியத் மேல இருந்த பயமும் இதுக்கு காரணம், மறுக்கல. ஆனா எனக்கு ரொம்ப பெருசா தெரியறது 1951 ஒப்பந்தம்தான்: பீரங்கி செய்ய வேண்டிய நிலக்கரியையும் எஃகையும் பிரான்ஸ், ஜெர்மனி உள்பட ஆறு நாடு ஒரே பொது நிர்வாகத்துக்கு கீழ கொண்டு வந்துட்டாங்க, ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தர் ஆயுதம் குவிக்கவே முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விதை அதுதான்.

ரெண்டாவது போர்ல ஜெயிச்ச இதே ஆளுங்கதான் ஐ.நா. சாசனத்த முடிவு பண்ண சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுல வீட்டோவையும் எழுதுனாங்க: பாதுகாப்பு சபைல நிரந்தர இடம் வச்சிருக்கற அமெரிக்கா, சோவியத், பிரிட்டன், பிரான்ஸ், சீனா இந்த அஞ்சுல ஒருத்தர் வேண்டாம்னாலே முக்கியமான தீர்மானம் செத்துடும். 1945ல ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள் அத எதிர்த்து வாதாடுனப்ப அமெரிக்க செனட்டர் டாம் கானலி என்ன பண்ணாரு தெரியுமா, சாசனத்தோட நகல கையில எடுத்து எல்லார் முன்னாடியும் கிழிச்சுப் போட்டாரு. வீட்டோ இல்லேன்னா ஐ.நா.வே இல்லைன்னு அர்த்தம். சின்ன நாடுங்க என்ன பண்ணும், ஒத்துக்கிட்டாங்க. ஜூன் 26ம் தேதி 50 நாடு கையெழுத்து போட்டுச்சு, வெள்ளைக்காரன் ஆட்சில இருந்த இந்தியாவுக்காக ஆற்காடு ராமசாமி முதலியாரும் போட்டாரு.

அன்னைக்கு ஐ.நா.வுல ஆப்பிரிக்காலேர்ந்து நாலே நாடு: எகிப்து, எத்தியோப்பியா, லைபீரியா, தென்னாப்பிரிக்கா. மத்ததுல பெரும்பாலும் காலனி. இன்னைக்கு 54 நாடு, ஆனா நிரந்தர இடம் ஒண்ணு கூட கிடையாது, பாதுகாப்பு சபையோ ஆப்பிரிக்க நாடுகளோட சண்டைகளப் பத்தி வருஷக்கணக்கா பேசிட்டு இருக்கு. இது அநியாயம்னு நான் எந்த மேடையிலயும் சொல்லுவேன். சரி, மாத்தலாமேன்னு கேப்பீங்க. 1965ல பாதுகாப்பு சபையோட உறுப்பினர் எண்ணிக்கைய 11லேர்ந்து 15 ஆக்கினாங்க, கூடுன நாலும் தற்காலிக இடம்தான். சாசனத்துல 108வது பிரிவ எடுத்துப் படிங்க: எந்த திருத்தம்னாலும் மூணுல ரெண்டு பங்கு நாடுகளோட சேர்த்து அந்த அஞ்சு நிரந்தர உறுப்பினர்களும் ஒப்புதல் கொடுக்கணும். வீட்டோவ எடுக்கறதுக்கும் வீட்டோ வச்சிருக்கறவங்கதான் சம்மதிக்கணும்.