வேட்பாளர் பெயர் சுமந்த ஜாடிகள்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

அமெரிக்கத் தேர்தல் பிரசாரப் பழம்பொருள்களைச் சேகரிப்போரில் பெரும்பாலானவர்கள் பேட்ஜ்களையும் பட்டுநாடாக்களையும் சுவரொட்டிகளையும் தேடிச் செல்கிறார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது அவற்றைவிட அரிதாகக் கிடைக்கும் ஒரு வகையைப் பற்றி. அதாவது வேட்பாளரின் பெயரையோ கட்சியின் முழக்கத்தையோ தாங்கிய ஸ்டோன்வேர் ஜாடிகளையும் ஜக்குகளையும் பற்றி. நம் வீடுகளில் ஊறுகாய் போட்டுவைக்கும் பழுப்பும் வெள்ளையுமான ஜாடி இருக்கிறதே, அதுவும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் வெப்பமுள்ள சூளையில் வேகும்போது மண் கல்லைப்போல் இறுகி, நீரை உறிஞ்சாத உடம்பைப் பெறுகிறது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குடும்பங்கள் வினிகர், ஆப்பிள் மது, விஸ்கி, உப்பிட்ட இறைச்சி, வெண்ணெய் ஆகியவற்றை இத்தகைய பாண்டங்களில்தான் வைத்திருந்தன. நியூ ஜெர்சியின் சவுத் அம்பாய் பகுதியில் வெட்டிய களிமண் படகுகளில் ஏறி ஹட்சன் ஆற்றின் வழியாகவும், 1825இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாயின் வழியாகவும் உள்நாட்டுக் குயவர்களைச் சென்றடைந்தது.

பானைக்கும் பிரசாரத்துக்கும் உறவு நெருங்கியது 1840 அதிபர் தேர்தலில். அக்காலத்தின் இரு பெரும் கட்சிகளில் ஒன்றான விக் கட்சியின் வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசனை இழிவுபடுத்த நினைத்த பால்டிமோர் நாளேடு ஒன்று, அவருக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் ஓய்வூதியமும் கொடுத்துவிட்டால் மரக்குடிசையில் உட்கார்ந்துகொள்வார் என்று எழுதியது. விக் கட்சியினர் அந்த ஏச்சையே தங்கள் கொடியாக்கிக்கொண்டார்கள். வர்ஜீனியப் பண்ணையார் குடும்பத்தில் பிறந்து, ஓஹியோவில் பெரிய வீட்டில் வாழ்ந்த ஹாரிசன் ஏழைக் குடிசைவாசியாக நாடெங்கும் காட்டப்பட்டார். குடிசையும் மதுப் பீப்பாயும் தட்டுகளிலும் கோப்பைகளிலும் ஏறின. வாக்குரிமை பெற்றிருந்தவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் வாக்களித்த அத்தேர்தலில், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவின் வாக்குகளில் 234 பெற்று, 60 மட்டுமே பெற்ற அப்போதைய அதிபர் வான் பியூரனை அவர் வென்றார். பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்தும் போனார்.

அந்த ஆண்டில் ஜெர்சி சிட்டியின் அமெரிக்கன் பாட்டரி நிறுவனம் ஹாரிசனின் உருவத்தையும் குடிசையையும் கறுப்பு மையில் அச்சிட்டு வெளியிட்ட ஜக் இன்று மிகவும் போற்றப்படுகிறது, அது போற்றத்தக்கதே. ஆனால் அது இளமஞ்சள் நிறமுள்ள மென்மண் பாண்டம், ஸ்டோன்வேர் அன்று. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோர் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். ஒரு செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தைத் தாளில் எடுத்து எத்தனை ஜக்குகளிலும் ஒட்டலாம். ஸ்டோன்வேர் ஜாடியிலோ, குயவர் தம் கையாலேயே ஈர மண்ணில் கூர்முனையால் எழுத்தைக் கீறுகிறார் அல்லது கோபால்ட் நீலத்தைத் தூரிகையால் தீட்டுகிறார். பிறகு அதை உலர்த்தி, சூளையில் அடுக்கி, நாள்கணக்கில் எரித்து, ஆறவிட்டு எடுக்க வேண்டும். தேர்தல் காலமோ சில மாதங்கள்தான். இப்படிப்பட்ட பாண்டங்கள் குறைவாக இருப்பதற்கு இந்த மெதுவான வேலைமுறை ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. கிடைப்பவற்றை நான் உயர்வாக மதிப்பதற்கும் அதுவே காரணம்: யார் வெல்வார் என்று தெரியாத நாள்களில் ஓர் ஊர்க் குயவர் தம் மனச்சாய்வையோ தம் வாடிக்கையாளரின் சாய்வையோ அழிக்க முடியாதபடி எழுதி வைத்திருக்கிறார்.

இந்தத் துணிவின் உச்சத்தை இல்லினாய் மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள அன்னா என்ற ஊரில் காண்கிறோம். கார்ன்வால், வாலஸ் கிர்க்பாட்ரிக் என்ற சகோதரர்கள் 1859இல் அங்கே மண்பாண்டத் தொழிலைத் தொடங்கினார்கள். ரயில் பாதைகளை உடலெங்கும் கீறிய பன்றி வடிவ மதுக்குடுவைகளும், பாம்புகள் சுற்றிப் பின்னிய ஜக்குகளும் அவர்களுக்குப் பெயர் தேடித் தந்தன. மதுவிலக்கு என்பது கட்சி அரசியலாகவே மாறிக்கொண்டிருந்த காலம் அது. மதுவிலக்குக் கட்சி 1869இல் தோன்றிவிட்டது. விஸ்கி ஊற்றும் ஜக்கையே விஸ்கிக்கு எதிரான எச்சரிக்கையாக வனைந்த அந்தக் கைத்திறனைப் பிரசாரப் பொருள்களின் வரிசையில் சேர்க்க நான் சிறிதும் தயங்கமாட்டேன். 1896 அதிபர் தேர்தலில் மெக்கின்லியும் பிரையனும் மோதியபோது நெவார்க்கின் ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனத்தின் செல்லுலாய்டு பேட்ஜ்கள் மலிவாகப் பெருகின. அந்த வேகத்தோடு சூளை போட்டியிட முடியவில்லை.

இனி, கையில் வரும் ஒரு ஜாடியை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். சூளை உச்ச வெப்பத்தில் இருக்கும்போது உள்ளே உப்பை எறிவார்கள். ஆவியாகும் சோடியம் மண்ணிலுள்ள சிலிக்காவோடு கூடி, மெருகு எனப்படும் கண்ணாடிப் படலமாகிறது. அதனால்தான் மேற்பரப்பில், சேகரிப்பாளர்கள் ஆரஞ்சுத் தோல் என்று குறிப்பிடும் சொரசொரப்பு உண்டாகிறது. குறுகிய வாயுள்ள ஜக்கின் உட்புறத்தை இந்த ஆவி சரியாக எட்டாததால், அங்கே ஆல்பனி மண்ணின் கரும்பழுப்புக் குழம்பைப் பூசியிருப்பார்கள். பெயர் கீறிய இடத்தை உருப்பெருக்கியின் கீழ் வையுங்கள். ஈர மண்ணில் கீறியிருந்தால் கோட்டின் இரு கரையிலும் மண் சற்றே மேடாக ஒதுங்கியிருக்கும். அந்த மேட்டின் மீதும் பள்ளத்தின் உள்ளும் மெருகு படிந்திருக்கும். பழைய வெற்று ஜாடியில் பிற்காலத்தில் யாரேனும் பெயரை வெட்டியிருந்தால் கரைகள் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து, பள்ளத்தில் மெருகற்ற மண் தெரியும். எழுத்துள்ள ஜாடி வெற்று ஜாடியைவிடப் பன்மடங்கு விலை போவதால் இந்த மோசடிக்கு ஆசை அதிகம். போலி அரசியல் நினைவுப்பொருள்களில் அவை செய்யப்பட்ட ஆண்டை அழியாமல் பொறிக்க வேண்டும் என்று 1973ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் கட்டளையிடுகிறது. எனினும் பழைய ஜாடியில் புதுப்பெயர் வெட்டுகிறவர் அப்படி ஆண்டு பொறிப்பார் என்று எதிர்பார்க்க இயலாது.

விரிசலைக் கண்டு ஒதுக்கிவிடாதீர்கள். எழுத்து முழுமையாக இருந்தால் விரிசல் விட்ட ஜாடியும் வாங்கத் தக்கதே. விரிசலை மறைத்துப் பூசிய சாயம் புறஊதா விளக்கில் பெரும்பாலும் வேறு நிறமாகத் தெரிந்துவிடும். வாங்கிய அன்றே, எந்த ஊரில், எந்தக் குடும்பத்தின் கையிலிருந்து அது வந்தது என்பதை எழுதி ஜாடியோடு வையுங்கள். முத்திரை இல்லாத ஜாடி எந்தச் சூளையில் வெந்தது என்று தேடுகிறவருக்கு அந்தக் குறிப்பே முதல் தடயம்.