மூன்று அவுன்ஸ் தங்கத்தை விடாத சக்கரவர்த்தி

வணக்கம் நண்பர்களே. ரோமில், பழைய காலத்துப் பொதுச் சதுக்கமான ஃபோரத்துக்குள் நிற்கிறேன். காற்று அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதோ அந்தக் கூட்டம் ஜூலியஸ் சீசரை எரித்த இடத்தைப் பார்க்க வந்தது. இன்றைக்கும் அங்கே பூ வைக்கிறார்கள். இங்கே என் பக்கத்தில் இருக்கிற பள்ளத்துக்குப் பெயர் லாக்கஸ் கர்ட்டியஸ். கி.பி. 69 ஜனவரி 15 அன்று இதன் பக்கத்தில்தான் கால்பா என்ற சக்கரவர்த்தியை வெட்டிக் கொன்றார்கள். நான் வந்து இருபது நிமிடம் ஆகிறது, ஒருவர்கூட நின்று பார்க்கவில்லை.

கால்பா ஆண்டது மொத்தம் ஏழே மாதம். 68 ஜூனில் அப்போதைய சக்கரவர்த்தி நீரோ தற்கொலை செய்துகொண்டதும், ஸ்பெயினில் ஆளுநராக இருந்த இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. காலில் செருப்பு போட முடியாத, கையில் ஏட்டைப் பிடிக்க முடியாத அளவுக்கு மூட்டு நோய்.

இவரைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் சொல்வது கஞ்சத்தனம். எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனிதர் என்பதற்கு ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் கதை கதையாக எழுதி வைத்திருக்கிறார். எனக்குப் பிடித்தது கிரீடக் கதை. ஸ்பெயினில் இருந்த தராகோ ஊர்க்காரர்கள் கோயிலிலிருந்து 15 பவுண்டு தங்கக் கிரீடம் ஒன்றை எடுத்து இவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். இவர் அதை உருக்கி, எடை போட்டு, குறைந்த மூன்று அவுன்ஸையும் கொண்டு வரச் சொன்னாராம். பரிசு கொடுத்தவனிடமே பாக்கி வசூல்!

ஆனால் கஞ்சத்தனத்தால் மட்டும் இவர் செத்தார் என்று நான் நினைக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். அரண்மனைக் காவல் படைக்கு ஆளுக்கு 30,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) தருவதாக, கால்பாவின் பெயரைச் சொல்லி வாக்குக் கொடுத்தவர் அந்தப் படையின் தலைவர் நிம்ஃபிடியஸ். சாதாரணப் படைவீரனுக்கு அன்றைக்கு ஆண்டுச் சம்பளமே 900 செஸ்டர்ஸ்தான். நீரோ காலியாக்கிவிட்டுப் போன கஜானா வேறு. 'நான் படைவீரர்களைத் தேர்ந்தெடுப்பவன், விலைக்கு வாங்குபவன் இல்லை' என்று கால்பா மறுத்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா?

சரி, இந்தக் கறார் எல்லோரிடமும் இருந்ததா என்றால், அங்கேதான் கோளாறு. வினியஸ், லாக்கோ, இக்கெலஸ் என்று மூன்று பேர் கூடவே இருந்தார்கள். சின்னப் பையன்களைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிற ஆயாக்கள் மாதிரி என்று ஊரே கேலி பேசியது. நீரோ வாரி இறைத்த பரிசுகளில் பத்தில் ஒரு பங்கை விட்டுவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடு என்று ஊரில் வசூல் நடக்கிறது. இந்த மூவரோ பதவியையும் மன்னிப்பையும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். நீரோவின் வலது கையாக இருந்த டிகெல்லினஸைத் தூக்கில் போடு என்று மக்கள் கத்தினார்கள். வினியஸின் தயவில் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தங்களைப் படைவீரர்களாக அங்கீகரிக்கச் சொல்லி வந்த கடற்படை ஆட்களுக்கோ, ரோமுக்குள் நுழையும் முன்னே, குதிரைப்படையை ஏவிப் படுகொலை. எங்கே தளர வேண்டுமோ அங்கே இறுக்கம், எங்கே இறுக்க வேண்டுமோ அங்கே தூக்கம்.

புத்தாண்டு அன்று ஜெர்மனியில் இருந்த ரோமானியப் படைகள் விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தன. மறுநாளே அவர்கள் விட்டெலியஸைச் சக்கரவர்த்தி என்றார்கள். அவரை அங்கே தளபதியாக அனுப்பியதே கால்பாதான். சரி, வாரிசு ஒருவர் வேண்டும் என்று ஜனவரி 10 அன்று பீசோ என்ற இளைஞரைத் தத்தெடுத்தார். அதைக் காவல் படை முகாமில் போய் அறிவித்தார். கையில் ஒரு காசு கொடுக்கவில்லை. அந்தக் கிழவர் கொஞ்சம் கை நீட்டியிருந்தால்கூட அவர்கள் மனம் மாறியிருக்கும் என்று இன்னொரு ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். 30,000 வேண்டாம், கொஞ்சம்!

அந்தக் கொஞ்சத்தின் விலை ஓத்தோவுக்குத் தெரிந்திருந்தது. கால்பாவை முதலில் ஆதரித்தவர்களில் ஒருவர், தன்னைத்தான் தத்தெடுப்பார் என்று காத்திருந்தவர். கால்பா தன் வீட்டுக்கு விருந்துக்கு வரும்போதெல்லாம், கூட வரும் காவலர்களுக்குச் சாப்பாட்டுக் காசு என்ற பெயரில் ஆளுக்கு 100 செஸ்டர்ஸ் கொடுப்பாராம். கால்பா பந்தியில் இருக்கும்போதே! 15ஆம் தேதி காலை ஓத்தோவைச் சக்கரவர்த்தி என்று கூவ வந்தவர்கள் 23 பேர்தான். ஓத்தோவே பயந்துபோனார். ஆனால் போகிற வழியில் ஆள் சேர்ந்தது.

கால்பாவைப் பல்லக்கில் தூக்கி வந்தவர்கள் இந்த இடத்தில் கலவரம் பார்த்து ஓடிவிட்டார்கள். தலையை வெட்டியவனுக்கு அதைத் தூக்கிப் பிடிக்கத் தெரியவில்லை, ஏனென்றால் வழுக்கை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 'இந்தக் கொலையில் எனக்கும் பங்கு உண்டு, சன்மானம் கொடுங்கள்' என்று 120க்கும் மேற்பட்டவர்கள் புதிய சக்கரவர்த்தி ஓத்தோவுக்கு மனு எழுதிப் போட்டார்கள். சில மாதத்தில் விட்டெலியஸ் ஆட்சிக்கு வந்து, அந்த மனுக்களைத் தேடி எடுத்து, எழுதியவர்களை எல்லாம் பிடித்துக் கொல்லச் சொன்னார்.

சரி, இப்போது பாலட்டைன் குன்று மேலே ஏறுகிறேன். அன்றைக்குக் காலையில் கால்பா பலி கொடுத்துக்கொண்டிருந்த அப்போலோ கோயில் அங்கேதான் இருந்தது. தண்ணீர் பாட்டிலை எங்கே வைத்தேன்?