சாப்பாட்டு மேல்துண்டு தைக்கலாம் வாங்க | முதியோர் இல்லத்துக்கு என்ன குடுக்கலாம்னு கேட்டீங்கல்ல?

வணக்கமுங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? இன்னைக்கு ப்ளவுஸும் இல்ல, சுடிதாரும் இல்ல. "அக்கா, முதியோர் இல்லத்துக்கு ஏதாச்சும் தைச்சுக் குடுக்கணும், என்ன குடுக்கலாம்"னு கொஞ்ச நாளாவே கேட்டுட்டு இருக்கீங்க. பழைய சீலை, நைட்டி, போர்வை எல்லாம் அவங்களுக்கு மூட்டை மூட்டையா வந்துருது. பொறந்த நாளு, திதின்னா ஒரு வேளைச் சாப்பாடும் போட்டுடறோம். அந்தச் சாப்பாடு மேல கொட்டுனா என்ன பண்றதுன்னு மட்டும் யாரும் யோசிக்கறதில்ல. அங்க ஊட்டிவிடற அக்காங்ககிட்ட கேட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு மூணு தடவ நைட்டி மாத்த வேண்டியிருக்குதுன்னு சொல்லுவாங்க. படுக்கையில இருக்கறவங்களைப் புரட்டித் துணி மாத்தறது எவ்வளவு வேலைன்னு வீட்டுல பாத்தவங்களுக்குத் தெரியும்.

இதா, இதுதான் அது. கழுத்துல இருந்து முழங்கால் வரைக்கும் வர்ற மேல்துண்டு.

எல்லாருக்கும் இது வேண்டாமுங்க. பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் ஒழுகறவங்க, பார்க்கின்சன்ஸ்ல கை நடுங்கறவங்க, மூட்டுவாதத்துல விரல் மடங்காதவங்க, கண்ணு சரியாத் தெரியாதவங்க, இப்படிப் பட்டவங்களுக்குத்தான். நல்லாச் சாப்பிடற ஒரு அப்பாருக்கு வரிசையில உக்காந்துட்டாருங்கற ஒரே காரணத்துக்காக இதைக் கட்டிவிட்டா அவருக்குக் கோவம் வரும், வரத்தான் செய்யும். இன்னொண்ணு, சாப்பிடறப்ப ஒருத்தரு அடிக்கடி இருமறாரு, புரையேறுதுன்னா அது துணியில தீர்ற விஷயம் இல்ல. நர்ஸ்கிட்டயோ டாக்டர்கிட்டயோ சொல்லிருங்க.

இப்ப அளவுக்கு வர்றேன். யூடியூப்ல தேடுனா வெளிநாட்டுப் பேட்டர்ன் நூறு கிடைக்கும். தைக்கறதுக்கு எல்லாமே சுலபம்தான். ஆனா அதெல்லாம் மேசையில உக்காந்து ஸ்பூன்ல சூப்பு குடிக்கறவங்களுக்குப் போட்ட அளவு. ஸ்பூன்ல இருந்து கொட்டுனா நேரா நெஞ்சுல விழும். நாம கையில பிசைஞ்சு சாப்பிடறவங்க. ரசஞ்சோறு கையில இருந்து மணிக்கட்டுக்கு வந்து, முழங்கை வரைக்கும் ஓடி, வலது தொடை மேல சொட்டும். தட்டும் மேசையில இருக்காது. கட்டில்ல காலைத் தொங்கப் போட்டு, ஸ்டூல் மேலயோ மடியிலயோதான் வெச்சிருப்பாங்க. அப்போ நெஞ்சை விட மடிதான் அதிகமா நனையுது, அதுலயும் வலப்பக்கம். அதனால நம்ம துண்டு நீளமா இருக்கணும், வலப்பக்கம் கொஞ்சம் அகலமாவும் இருக்கணும். நான் சொல்ற அளவு பூரா இந்தக் கணக்குலதான் வருது.

துணிக்கு டர்க்கி டவல் எடுத்துக்கங்க. நெசவு ஊரான சென்னிமலைப் பக்கம் இருக்கறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஈரோடு கனி மார்க்கெட் செவ்வாய்க்கிழமை சந்தையிலயும் கிடைக்கும். கரூர்ல எக்ஸ்போர்ட்டுக்குப் போயி மிச்சமான டவலும் வருது, ஓரத்துல சின்னக் குறை இருக்கும், நாம வெட்டித்தான தைக்கப் போறோம், பரவால்ல. 30க்கு 60 இன்ச் குளியல் டவலு, 350 ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்ங்கற எடைக் கணக்கு) சுத்தி இருந்தாப் போதும். 600 எல்லாம் வாங்காதீங்க. தொட்டா ஹோட்டல் டவலாட்டம் சொகமாத்தான் இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில ரெண்டு நாளானாலும் காயாது, வாடை அடிக்கும்.

வாங்குன ஒடனே வெட்டக் கூடாது. ஒரு தடவ அலசிக் காய வெச்சுருங்க, சுருங்கறது மொதல்லயே சுருங்கிரட்டும். சுருங்கி 28க்கு 57ன்னு வந்துச்சுன்னா, நீளத்த மூணா வெட்டறோம். ஒவ்வொண்ணும் 19 அகலம், 28 உயரம். ஒரு டவல்ல மூணு துண்டு. இப்படிக் குறுக்கால வெட்டறதுல இன்னொரு லாபம், டவலோட ஓரம் மேலயும் கீழயும் அப்படியே வந்துரும். பக்கவாட்டுலயும் கழுத்துலயும் மட்டும் பிசிறு அடைச்சாப் போதும்.

கழுத்து வெட்டறதுக்குச் சாக்பீஸும் காம்பஸும் தேட வேண்டாம். இந்தா, 7 இன்ச் டிபன் தட்டு. துண்டோட மேல் ஓரத்துக்கு நடுவுல, தட்டுல முக்காவாசி துணி மேல இருக்கற மாதிரி வெச்சு வரைங்க. ஆழம் 5ல இருந்து 6 இன்ச்குள்ள வரும். ரெண்டு பக்கமும் 6 இன்ச் அகலத்துக்குத் தோள் நிக்கும். உள்ளங்கை தாராளமா நுழையற அளவுக்குக் கழுத்து லூசா இருக்கணும். முழுங்கறப்ப தொண்டையில எதுவும் அழுத்தக் கூடாது.

இப்ப கீழ்ப் பட்டி. காட்டன்ல 25 இன்ச் அகலம், 18 இன்ச் உயரம் வெட்டி, ரெண்டா மடிச்சு, அதுக்குள்ள டவலோட கீழ் ஓரத்தச் சொருகித் தைக்கறோம். மேல 19தான, கீழ 25. மிச்சம் வர்றது எல்லாம் வலப்பக்கம் போகட்டும். போட்டுக்கறவங்களோட வலதுங்க! துணிய நல்ல பக்கம் மேல வர்ற மாதிரி மேசையில விரிச்சீங்கன்னா அது உங்களுக்கு இடக்கைப் பக்கம். வலது கை விழுந்துட்டவங்க இடது கையிலதான் சாப்பிடுவாங்க, அவங்களுக்கு மாத்தி வெக்கணும். அதனால குடுக்கறதுக்கு முன்னாடி எத்தன வலது, எத்தன இடதுன்னு அங்க கேட்டுக்கங்க.

இந்தப் பட்டிக்கு நல்ல காட்டன் சீலையோட கரைப் பக்கத்த வெட்டிப் போடுங்க. பாருங்க, மடியில கரை விழறப்ப துண்டு போட்ட மாதிரியே தெரியல. ஆம்பளைங்களுக்குச் சட்டைக் கட்டம், வேட்டிக் கரை. நான் போயிட்டு வர்ற இல்லத்துல ஒரு அப்பாரு இருக்காரு, பழைய லாரி டிரைவரு. மொதல்ல குடுத்த பூப்போட்ட துண்டை வாங்கி, மடிச்சு, திருப்பி என் கையிலயே குடுத்துட்டாரு. பேசக் கூட இல்ல. பொறவு காக்கிக் கலர் துணியில தைச்சு, நெஞ்சுல ஒரு ஜோபும் வெச்சேன். ஜோபுல கண்ணாடிக் கூட்டப் போட்டுக்கிட்டு, "பட்டன் எங்க வெச்ச?"ன்னு கேட்டாரு. இப்பவும் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போடுவாரு, ராத்திரி இட்லிக்கு வேண்டாங்கறாரு. சரின்னு விட்டாச்சு.

பூ டிசைன்னு சொன்னதும் ஞாபகம் வருது. மறதி நோய் இருக்கறவங்களுக்குச் சின்னச் சின்னப் பூ, புள்ளி எல்லாம் வேண்டாம். சோத்துப் பருக்கைன்னு நெனச்சு அதையே கிள்ளிக்கிட்டு உக்காந்துருவாங்க, சாப்பாடு ஆறிப் போயிரும். ஒத்தக் கலர்தான் அவங்களுக்கு நல்லது.

அடுத்தது பூட்டு, அதாவது துண்டைக் கழுத்துல எப்படி மாட்டறதுங்கறது. இதுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, நான் என் கருத்தச் சொல்லிடறேன். நாடா வேண்டாம். மடங்காத விரலால முடிச்சு போட முடியாது, எங்காவது மாட்டி இழுத்தா கழுத்த இறுக்கும். தலை வழியா மாட்டற மாதிரி எலாஸ்டிக் வெச்சும் தைக்கறாங்க. மாட்டறப்ப சுகம், கழட்டறப்ப சாம்பார் பட்ட பக்கம் மூஞ்சியில தேச்சுக்கிட்டே வரும். வெல்க்ரோ, அதான் சர்ருன்னு பிரிக்கற ஒட்டுப் பட்டை, வெளிநாட்டுல ரொம்பப் பழக்கம், ஆனா அது பாட்டியோட கொண்டை முடியப் புடிக்கும், நைலக்ஸ் சீலைய இழுக்கும், டவல் பிசிறு பூரா அதுலதான் போயி ஒட்டும். வெல்க்ரோவேதான் வேணும்னா துவைக்கறப்ப ஒட்டி வெச்சுத் துவைக்கச் சொல்லுங்க.

என் ஓட்டு டிச் பட்டனுக்குத்தான், அமுக்குனா மாட்டிக்கற பட்டன். பலமா இழுத்தா தானா விட்டுரும், அதுதான் அதுல பெரிய பாதுகாப்பு. வலது தோள்ல 12 இன்ச் பட்டை ஒண்ணு தைச்சு விடறோம். அது பின்கழுத்த ஒரு சுத்து வந்து, இடது தோள் முன்பக்கம் பட்டன்ல மாட்டும். ஒண்ணரை இன்ச் விட்டு ரெண்டு எடத்துல பட்டன் வைங்க, ஒல்லியா இருக்கறவங்களுக்கு ஒண்ணு, குண்டா இருக்கறவங்களுக்கு ஒண்ணு. ஏன் பின்னாடி வெக்காம முன்னாடி வெக்கறோம்னா, வலது கை இடது தோளுக்குச் சுலபமாப் போவும். அவங்களே மாட்டிக்கலாம், அவங்களே கழட்டிக்கலாம். யாராவது வந்து கழட்டிவிடற வரைக்கும் ஈரத் துணியோட உக்காந்திருக்க வேண்டாம். இடது கையில சாப்பிடறவங்களுக்கு இதையும் மாத்தி வைங்க, பட்டன் வலது தோளுக்கு வரணும்.

கீழ மடிச்சுப் பை மாதிரி விடறது, அந்த வெளிநாட்டுப் பேட்டர்ன்ல எல்லாம் இருக்கும், ரொட்டித் தூள் விழறதுக்கு. நமக்கு அது ஆகாது. கஞ்சியும் ரசமும் சூடா அதுக்குள்ள போயி மடி மேலயே நிக்கும். வயசானவங்க தோலு மெலிசு, சட்டுனு கொப்புளிச்சிரும்.

உள்ள ரப்பர் ஷீட் வெக்கலாமான்னு கேப்பீங்க. சித்திரை வைகாசி வெயில்ல நெஞ்சு மேல ரப்பர் ஷீட்டப் போட்டுக்கிட்டு நீங்க ஒரு பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க! பெரும்பாலானவங்களுக்கு டவலும், பின்னாடி ஒரு மெல்லிய காட்டனும் போதும். ரொம்ப ஒழுகறவங்களுக்கு மட்டும் நடுவுல பி.யு.எல் துணி வெக்கலாம், கைக்குழந்தைங்களுக்குத் துவைச்சுப் போடற டயப்பர் தைக்கறாங்கல்ல, அந்தத் துணிதான். நெஞ்சளவுக்கு மட்டும் வெட்டுங்க. அதுல குண்டூசி குத்தாதீங்க, ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒழுகும். துணி கிளிப்போ, ஒண்ணுமில்லன்னா வீட்டுல இருக்கற கொடி கிளிப்போ போட்டுப் புடிங்க. சூடான இஸ்திரிப் பெட்டியும் அது மேல ஆகாது.

தைக்கறதுக்கு வர்றேன். ஊசி 16 நம்பர் போடுங்க. தையல் நீளம் 3 மில்லிக்குக் குறையக் கூடாது, பொடித் தையல் போட்டா டவல் நூலுக்குள்ள முழுகிப் போயி, பிரிக்கணும்னா உசுரு போயிரும். பழைய கறுப்பு மிஷின்ல சிக்சாக் (பிசிறு அடைக்கற வளைஞ்சு வளைஞ்சு போற தையல்) இருக்காது, கவலையே வேண்டாம். காட்டன்ல 2 இன்ச் கிராஸ் பீஸ், அதாவது மூலைவாட்டுல எடுக்கற பட்டை, வெட்டி ஓரத்துக்கு அடிச்சுருங்க. ஓவர்லாக்கை விட இதுதான் ஒழைக்கும். கழுத்துல வர்ற கிராஸ் பீஸை வெளிப்பக்கம் மடிச்சுத் தைங்க, தோலு மேல தையல் மேடு வேண்டாம். டவல் வெட்டறப்ப பஞ்சு பறக்கும், மூக்குல துணி கட்டிக்கங்க. ஒவ்வொரு துண்டு முடிஞ்சதும் பாபின் கேஸைக் கழட்டி பிரஷ்ல தட்டி விடுங்க.

[மிஷின் ஓடும் சத்தம்]

கலரைப் பத்தி ஒரு வார்த்த. வெள்ளை, சந்தனம் எல்லாம் விட்டுருங்க. அரக்கு, மாவிலைப் பச்சை, கருநீலம் எடுங்க. சாயம் போகுதான்னு ஈரமான வெள்ளைத் துணியால தேச்சுப் பாத்துட்டு எடுங்க. அப்படியும் மஞ்சக்கறை படத்தான் செய்யும். சோப்பு போட்டதும் அது செவந்து போவும், அதப் பாத்துட்டுப் பயந்துகிட்டு இன்னும் சோப்பு போட்டுத் தேய்ப்பாங்க. சோப்புல இருக்கற காரம் பட்டா மஞ்சளு அப்படித்தான் நிறம் மாறும். அலசிட்டு நல்ல உச்சி வெயில்ல காயப் போடுங்க, வெயில் பட்டா மங்கிப் போயிரும். கம்ஃபோர்ட் மாதிரி வாசனை லிக்விட் வேண்டாம், டவல் மேல படிஞ்சு ஈரத்த உறிஞ்ச விடாது.

ஒருத்தருக்கு மூணாவது வேணும். மேல ஒண்ணு, கொடியில ஒண்ணு, மடிச்சு வெச்சது ஒண்ணு. அதனால முப்பது பேருக்கு ஆளுக்கு ஒண்ணுன்னு குடுக்கறத விட, உண்மையிலேயே தேவைப்படற பத்துப் பேருக்கு மூணு மூணா குடுங்க. பேரோ ரூம் நம்பரோ தைக்கணும்னா உள்பக்கம் தைங்க, நெஞ்சுல வேண்டாம். அலசிக் காய வெச்சுத்தான் குடுக்கணும்.

குடுக்கப் போறப்ப கேமரா எடுத்துட்டுப் போகாதீங்க. நானும் அங்க எடுக்கல, அதனாலதான் இந்த வீடியோவுல என் மூஞ்சியும் மேசையும் மட்டுமே வருது, பொறுத்துக்கங்க. ஊட்டிவிடற அக்காங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பின்னாடி இருந்து சட்டுனு கழுத்துல போடாம, எதிர்ல நின்னு, "அம்மிச்சி, துண்டு போட்டுக்கலாமுங்களா"ன்னு கேட்டுட்டுப் போடணும். சாப்பிட்டு முடிச்சதும் கழட்டிரணும்.

உங்க ஊர்ல எங்க இல்லம் இருக்குதுன்னு தெரியலன்னா 14567க்கு ஃபோன் பண்ணுங்க, மூத்த குடிமக்களுக்கான உதவி எண், காசு இல்ல. 2007ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்துலயே மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, ஆதரவில்லாத குறைஞ்சது 150 பேரு தங்கற மாதிரி மாநில அரசு அமைக்கலாம்னு எழுதி வெச்சிருக்குது. அந்த நம்பர்லயே உங்க பக்கத்துல இருக்கற இல்லத்தக் கேட்டுக்கலாம். போறதுக்கு முன்னாடி அங்க ஒரு ஃபோன் பண்ணி, ஒரே ஒரு மாதிரித் துண்டை மட்டும் மொதல்ல குடுத்து, ஒரு வாரம் துவைச்சுப் பாக்கச் சொல்லுங்க. நீளம் பத்தலம்பாங்க, பட்டன் தள்ளி வேணும்பாங்க. அதைக் கேட்டுட்டு மிச்சத்தத் தைங்க.

அளவெல்லாம் கீழ எழுதிப் போட்டுடறேன். சக்கர நாற்காலியில இருக்கறவங்களுக்குப் பட்டிய இன்னொரு 4 இன்ச் கூட்டிக்கங்க, ஆனா சக்கரத்துல சிக்காம பாத்துக்கணும். வரட்டுங்களா.