அம்மாவுக்கும் அறுபது வரும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தப் பனியில் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு இந்நேரம் வரை உட்கார்ந்திருக்கும் ஊர்மக்களே, எல்லாருக்கும் என் வணக்கம்.

பெற்றவர்களைப் பெரிதும் மகிழ்விப்பது அன்றாடச் சின்னச் சந்தோஷங்களா, பிறந்தநாளுக்குச் சொல்லாமல் கூட்டிப்போகும் பயணமா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் அன்றாடத்துக்காக வாதாடினார். காலையில் டிகாக்‌ஷன் இறங்கும் வாசனை, வெள்ளிக்கிழமை இரண்டு முழம் மல்லி, பேரன் வீடியோ காலில் புதுப் பல்லைக் காட்டுவது, மகன் வேலை முடிந்து வரும்போது வாங்கிவரும் பால்கோவா, 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் நினைத்த நேரம் கோயிலுக்குப் போய்வர முடிவது, இதெல்லாம் சேர்ந்ததுதான் ஒரு தாயின் மகிழ்ச்சி, வருஷத்தில் ஒருநாள் மலைக்குக் கூட்டிப்போய் போட்டோ எடுப்பதெல்லாம் பிள்ளைகளின் ஆசைக்கு என்றார். கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். அவர் சொன்ன அத்தனையும் எங்கள் வீட்டிலும் உண்டு.

ஆனால் அண்ணே, அந்த டிகாக்‌ஷனை இறக்குவது யார்?

பால்கோவாவையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, குறை சொல்ல ஒன்றுமில்லை. மகன் கால் கிலோ வாங்கி வருகிறார், அம்மா கையில்தான் கொடுக்கிறார், அதுவரைக்கும் சரி. அம்மா என்ன செய்வார்? பேரனுக்கு ஒரு கரண்டி, பேத்திக்கு ஒரு கரண்டி, மருமகளுக்கு, அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் நகக்கண் அளவு, பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்த்தால் அதற்கும் ஒரு வாய். கடைசியில் அம்மாவுக்கு வருவது அந்த எண்ணெய்த் தாளில் ஒட்டிக்கொண்டிருப்பது. அதையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டு நல்லாயிருக்கு என்பார், பொய்யாகச் சொல்ல மாட்டார், நிஜமாகவே அவருக்கு நன்றாகத்தான் இருக்கும். நான் அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துப் பேச வரவில்லை. வீட்டுக்குள் வருகிற எந்த இனிப்பும் அம்மாவின் கை வழியாக மற்றவர்களுக்குப் போகிறது, அவருக்கென்று வந்து அவரிடமே நிற்பது ஒன்றும் கிடையாது, என் வழக்கே அதுதான்.

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று எடுத்தது. யார் ஒருநாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டது. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது சராசரியாக ஒருநாளைக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், அதுவும் எல்லா வயதுப் பெண்களையும் சேர்த்து எடுத்த சராசரி. எதிரணி புகழ்கிற அந்த அன்றாடம் முழுக்க இந்த ஐந்து மணி நேரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பேரன் பிறந்தநாளுக்கு கேசரி கிண்டுவதும் அதில் சேர்த்தி, அப்பா பிறந்தநாளுக்கு வடை சுடுவதும் அதில் சேர்த்தி, அட, தன் பிறந்தநாளுக்குத் தானே பாயசம் வைத்துக்கொள்ளும் அம்மாக்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள், கை தூக்கச் சொல்லிச் சங்கடப்படுத்த மாட்டேன்.

பிறந்தநாள் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும், இது என் மனதில் ரொம்ப நாளாகக் கிடக்கிறது. அறுபது வயது என்றால் நம் ஊரில் மணிவிழா. திருக்கடையூருக்குப் போகிறோம், அமிர்தகடேசுவரருக்கும் அபிராமிக்கும் முன்னால் கலசம் வைத்து, ஹோமம் வளர்த்து, மாலை மாற்றித் தாலி கட்டி, அறுபதாம் கல்யாணம் நடக்கிறது. எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். நல்ல விசேஷங்கள்தான், நானே ஓடியாடி வேலை செய்திருக்கிறேன். ஆனால் அங்கே எண்ணுவது யார் வயதை? அப்பாவின் வயதை! அப்பாவுக்கு அறுபது நிறைந்தால் அம்மா பக்கத்தில் உட்கார்கிறார். அம்மாவுக்கு அறுபது நிறையும் நாள் என்று ஒன்று வருகிறதே, அன்றைக்கு என்ன விசேஷம்? எங்கள் வீட்டில் அப்பாவின் மணிவிழாவுக்குப் பந்திக்கு இலை போட்டதிலிருந்து தாம்பூலப் பை கட்டியது வரைக்கும் அம்மாதான், நடுவில் ஓடிவந்து மணையில் உட்கார்ந்து தாலியை வாங்கிக்கொண்டு மறுபடியும் எழுந்து போனார். சில வருஷம் கழித்து அவருக்கு அறுபது வந்தபோது காலண்டரில்கூட யாரும் குறித்து வைக்கவில்லை. ஆதாரில் இருப்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. மாசி மாசம், மக நட்சத்திரம் என்பது மட்டும் வீட்டுக்குத் தெரியும், அதை வைத்துப் பார்த்துத்தான் நான் நாளைக் கண்டுபிடித்தேன்.

எங்கேயாவது போகலாமா அம்மா என்று அதற்கு முன்னால் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாயிற்று. எதுக்கு வீண் செலவு, அப்பாவுக்கு யார் மாத்திரை எடுத்துக் கொடுப்பா, பால்காரர் வருவார், சிலிண்டர் புக் பண்ணியிருக்கு, அடுத்த வருஷம் பார்க்கலாம். எதிரணித் தங்கை கேட்டார், ஒருவரிடம் கேட்காமலே அவருக்காக முடிவு செய்வது அவரை மதிக்கிற செயலா என்று. நியாயமான கேள்வி, இந்த மேடையில் எழுந்த கேள்விகளில் இதுதான் கனமானது. நான் சொல்வது இது: நம் அம்மாக்கள் வேண்டாம் என்று சொல்வதில் பாதி, பிறருக்குச் செலவு வைக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து பழகின பழக்கம். பயணமே பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள், கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களை இழுத்துக்கொண்டு போகக் கூடாது, அது பெற்ற பிள்ளைக்குத் தெரியாமல் போகாது. ஆனால் டிவியில் மலை ரயிலைக் காட்டினால் கரண்டியோடு வந்து நின்று பார்க்கிற ஒரு அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தால் வேண்டாம் என்ற பதில் மட்டும்தான் வரும். சொல்லாமல் கூட்டிப்போனால் அந்த வேண்டாமைச் சொல்ல அவருக்கு வாய்ப்பில்லை, அவ்வளவுதான்.

எங்கள் அம்மாவிடம் கோவையில் ஒரு வளைகாப்பு என்று சொன்னோம். இந்தப் பொய்க்கு அப்பாவும் கூட்டு, அவர் மட்டும் வீட்டில் இருந்துகொண்டார். சென்னையில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினோம். வளைகாப்புக்குப் போகிறோம் என்று முதல்நாளே ஒரு டப்பா முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டார், அதைத் தடுக்க எங்களால் முடியவில்லை. விடியற்காலை கோவை வந்ததும் பையைத் தூக்கினார். இன்னும் கொஞ்சம் தள்ளி இறங்கணும்மா என்றேன். மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் பிளாட்பாரத்தில் என் பெரியம்மா நிற்கிறார், அம்மாவின் ஒரே அக்கா, கோவையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து நின்றார்.

நடுவர் அவர்களே, இந்த அக்கா தங்கை இருவரும் கல்யாணத்துக்குப் பிறகு எங்கே பார்த்துக்கொள்கிறார்கள்? யாராவது ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில், இல்லாவிட்டால் ஒரு சாவில். இரண்டு இடத்திலும் அவர்களுக்கு வேலை இருக்கும், காய் நறுக்கிக்கொண்டே நாலு வார்த்தை பேசுவார்கள், அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அன்றைக்குத்தான் வேலை எதுவும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

7.10-க்குக் கிளம்புகிறது மலை ரயில். ஊட்டி 46 கிலோமீட்டர்தான், ஆனால் போய்ச்சேர மதியம் ஆகிவிடும், அவசரமே இல்லாத ரயில். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை, 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல்லாறு தாண்டினதும் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இன்னொரு இரும்புப் பட்டை வருகிறது, இன்ஜினின் பல்சக்கரம் அதில் கவ்விக் கவ்வித்தான் மேலே ஏறுகிறது, இன்ஜின் முன்னால் நின்று இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. தண்ணீர் பிடிக்க வழியில் நிற்கும்போது எல்லாரும் இறங்கிக் காலாற நடப்பார்கள், அம்மா அந்த முறுக்கு டப்பாவைத் திறந்து பெட்டி முழுக்கக் கொடுத்தார். பாதையில் 16 குகைகள். ஒவ்வொரு குகை இருட்டுக்குள் ரயில் நுழையும்போதும் குழந்தைகள் ஓவென்று கத்துவார்கள், அது இந்த ரயிலின் வழக்கம். முதல் குகையில் அம்மா சும்மா இருந்தார். மூன்றாவது நான்காவதில் பெரியம்மா கத்தினார். அதற்கடுத்த இருட்டில் என் அம்மா தொண்டை திறந்து கத்தினார், வெளிச்சம் வந்தபோது இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பிறந்ததிலிருந்து என் அம்மாவுடன் இருக்கிறேன், அந்தச் சிரிப்பை அதற்கு முன் கேட்டதில்லை. என்னம்மா பேசுறீங்க என்று கிட்டே போனேன். நீ அந்தப் பக்கம் போய் உட்காரு என்றார்! எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? என் அம்மாவாக இருப்பதற்கு முன்னால் அவர் ஒருத்தருக்குத் தங்கச்சி, மரமேறி நெல்லிக்காய் பறித்த பெண், அந்தப் பெண்ணை நான் அந்த ரயிலில்தான் பார்த்தேன். அண்ணன் சொன்ன இரண்டு முழம் மல்லி அவரை எங்கள் அம்மாவாகத்தான் வைத்திருக்கும், அது அவரை அந்தக் குகைக்குள் கூட்டிப்போகாது.

மறுநாள் குன்னூரில் லாட்ஜில் பழக்கத்தில் நாலரைக்கே எழுந்துவிட்டார். செய்ய ஒன்றுமில்லை. ஆறு மணிக்குக் கதவைத் தட்டி ஒரு தம்பி டீ கொண்டுவந்து கொடுத்தார், அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை சூடாகக் குடித்தார். வீட்டில் அவர் டீ என்றைக்குச் சூடாக இருந்திருக்கிறது? நடுவில் எட்டுத் தடவை எழுந்திருப்பார். குடித்து முடித்ததும் டம்ளரைக் கழுவித்தான் கொடுத்தார், அது அவர் குணம். பத்து மணிக்கு மேல் சிம்ஸ் பூங்கா, 1874-ல் அமைத்தது, பெரிய பெரிய மரங்கள். அப்புறம் ஊட்டி வர்க்கி வாங்கினோம். பொட்டலம் கைக்கு வந்ததும் முதல் வர்க்கியை அம்மாவே எடுத்துக் கடித்தார். பிரித்துக் கொடுக்க அங்கே பேரப்பிள்ளைகள் இல்லையே!

செலவு செலவு என்கிறார்கள். மலை ரயிலில் இரண்டாம் வகுப்பு இருக்கிறது, சாதாரண லாட்ஜ் இருக்கிறது, ஒரு காதுகுத்துக்கு நாம் போடும் பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் யாரும் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. முட்டி வலி என்றார்கள். 45 வயது தாண்டிய பெண்களுக்கு ரயிலில் கீழ்ப் படுக்கைக்கென்றே ஒதுக்கீடு உண்டு, அதில் போட்டால் ஏறி இறங்கும் சிரமம் இல்லை, அறையைத் தரைத்தளத்தில் கேட்டு வாங்க வேண்டும், மாத்திரைப் பையையும் சால்வையையும் பிள்ளைகள்தான் எடுத்துவைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் பிறந்த அம்மாக்களுக்கு மட்டும் வேறு ஊர் பாருங்கள், மழைக்காலத்தில் மண் சரிந்தால் மலை ரயிலை நிறுத்திவிடுவார்கள்.

இரண்டு நாள் கழித்துத் திரும்ப அதே அடுப்படிதானே என்று கடைசியாகக் கேட்டார்கள். ஆமாம், அதே அடுப்படிதான். ஆனால் அந்த இரண்டு நாளும் அப்பாவே மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டார், பருப்புப்பொடியும் ரசமுமாகச் சமாளித்தார், பால் வாங்கினார், சிலிண்டரையும் இறக்கி வைத்தார். அம்மா இல்லாமல் இதெல்லாம் நடக்கும் என்று அப்பாவுக்கும் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது. இப்போது பெரியம்மாவும் அம்மாவும் போனில் பேசுவது மாறிவிட்டது. முன்பெல்லாம் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் விசேஷம் என்றிருக்கும். இப்போது அடுத்து தரங்கம்பாடி போகலாமா, கடலை ஒட்டி டேனிஷ்காரர் கோட்டை இருக்காமே என்று அவர்களாகவே திட்டம் போடுகிறார்கள். எதுக்கு வீண் செலவு என்ற பேச்சே அதில் வருவதில்லை.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. இங்கே இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் இன்று ராத்திரியே அம்மாவின் மாசத்தையும் நட்சத்திரத்தையும் கேட்டு வையுங்கள், எதற்கு என்று கேட்டால் கோயிலில் அர்ச்சனைக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில். எங்கள் அணிக்கே தருவீர்கள் என்று நம்பி உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.