ஒரு வருஷம்கூட ஆளாத ராஜா: செஞ்சியில் ஒரு நாள்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், மைக்கின் மேல் போட்டிருந்த பஞ்சுறையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன், அதோ அந்த மதில்மேல் உட்கார்ந்து பிய்த்துக்கொண்டிருக்கிறது. இங்கே வருகிறவர்கள் தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வராதீர்கள்.

இது செஞ்சி, என் ஊர். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் நீங்கள் தூங்காமல் வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள், ரோடே கோட்டைக்கு நடுவில்தான் போகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை, மூன்றையும் வளைத்துக் கட்டிய மதில். நான் இப்போது ராஜகிரியில் பாதி தூரம் ஏறியிருக்கிறேன், மூச்சு வாங்குகிறது, அதனால் பேச்சு விட்டுவிட்டு வரும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தார்களே, அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கிறது, மிச்சம் ஒன்று இதுதான். அதற்கப்புறம் கூட்டம் வருகிறது, சந்தோஷம். ஆனால் வருகிறவர்கள் எல்லாம் கேட்பது ஒரே கேள்வி. "தேசிங்கு ராஜா கட்டினதா இது?"

இல்லை. தேசிங்கு இதில் ஒரு செங்கல்கூட வைத்திருப்பாரா என்பது சந்தேகம். முதலில் இந்த மலையில் கோட்டை கட்டியது 1200-ஐ ஒட்டி ஆனந்தக் கோன் என்ற இடையர் குலத் தலைவர் என்பார்கள். அப்புறம் விஜயநகரத்து நாயக்கர்கள், கீழே தெரிகிறதே அந்தக் கல்யாண மகால், நெற்களஞ்சியம், எல்லாம் அவர்கள் காலத்தைச் சேர்ந்தவை. பிறகு பீஜப்பூர் சுல்தான் ஆட்கள். 1677-இல் சிவாஜி பிடித்தார். அவருடைய மகன் ராஜாராம் இங்கே வந்து உட்கார்ந்துகொள்ள, 1690-இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் கோட்டையை முற்றுகை போட்டு ஏறக்குறைய எட்டு வருஷம் கீழேயே கிடந்தார். 1698-இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, நழுவிவிட்டார்.

ஏன் எட்டு வருஷம் ஆனது என்று இங்கே வந்து நின்றால் புரியும். கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். உச்சிக்குப் போகும் வழியில் பாறை இரண்டாகப் பிளந்து நிற்கிறது, நடுவில் அறுபது அடிப் பள்ளம். இப்போது பாலம் இருக்கிறது, அந்தக் காலத்தில் எடுத்துவிடக்கூடிய மரப்பாலம். அதை இழுத்துக்கொண்டால் அந்தப் பக்கம் பத்துப் பேர் போதும், இந்தப் பக்கம் ஒரு படையே நின்றாலும் எச்சில் விழுங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சரி, தேசிங்குக்கு வருகிறேன். உண்மைப் பெயர் தேஜ் சிங், புந்தேலா ராஜபுத்திரர். அப்பா சொரூப் சிங் மொகலாயர் வைத்த கோட்டைத் தலைவர், அவர் செத்ததும் மகன் பதவிக்கு வந்தான். கப்பம் பாக்கி என்று ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையெடுத்து வந்தார். 1714 அக்டோபரில் சண்டையில் செத்துப்போனான், வயது இருபத்திரண்டு. ஒரு வருஷம்கூட ஆளவில்லை. எண்ணூறு வருஷக் கோட்டைக்கு அவன்தான் முகம்!

எங்கள் ஆயா பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் எதையும் படித்தவர் இல்லை, கேட்டதை வைத்துத்தான் சொல்வார். தில்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காத ஒரு குதிரை, அதை அடக்க முடியாமல் அப்பன் சிறைக்குப் போக, மகன் போய் அடக்கி அப்பனை மீட்டு வந்தான் என்று தொடங்குவார். சண்டைக்குக் கிளம்பும் முன் சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்கப் போனானாம். இன்றைக்குப் போகாதே என்று சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். போய்ப் பாருங்கள், இங்கிருந்து பக்கம்தான், பாறையைக் குடைந்த கோவிலில் இருபத்துநான்கு அடி நீளத்துக்குப் படுத்திருக்கிறார், முகம் ஒருபக்கமாகத்தான் இருக்கிறது. அது பல்லவர் காலத்துச் சிலை, தேசிங்கு பிறப்பதற்குப் பல நூறு வருஷம் முன்னாலேயே செதுக்கியது. இதை ஆயாவிடம் ஒருநாள் சொன்னேன். "அப்ப செதுக்கும்போதே சாமிக்குத் தெரியும்டா" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது?

எனக்கு அந்தக் கதையில் தேசிங்கைவிடப் பிடித்தது அவன் நண்பன் மோவுத்துக்காரன்தான். மகபத் கான் என்ற பெயர் நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்போது ஓலை வருகிறது, மணக்கோலத்தை அப்படியே விட்டுவிட்டுக் குதிரை ஏறி வருகிறான், நண்பனுக்கு முன்னால் செத்துப்போகிறான். நீலாம்பூண்டியில் அவன் சமாதியையும் குதிரைச் சமாதியையும் ஊர்க்காரர்கள் காட்டுவார்கள். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள், அவள் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்பார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே பழைய செஞ்சி என்று சொல்லும் மேலச்சேரியில் திரௌபதி அம்மன் கோவில் இருக்கிறது. பாரதத்துப் பாஞ்சாலி மறுபடி செஞ்சியில் வந்து பிறந்து நூறு தலை அசுரனை அழித்தாள், கடைசித் தலை தரையில் விழக்கூடாது என்று போத்துராஜா கையில் ஏந்திக்கொண்டார் என்பது எங்கள் பக்கத்துக் கதை. போத்துராஜா சிலையின் கையில் ஒரு தலை இருப்பதைச் சின்ன வயதில் பார்த்துப் பயந்திருக்கிறேன். அம்மனுக்கு அவரைத் தவிர இன்னொரு காவல்காரரும் உண்டு, முத்தால ராவுத்தர். ஆமாம், ராவுத்தர், முஸ்லிம்தான். சுருட்டு வைத்துக் கும்பிடுகிறார்கள். ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு கான், அம்மனுக்குப் பக்கத்தில் ஒரு ராவுத்தர். இதை யாரும் பிரசங்கமாகச் சொல்லித் தரவில்லை, கூத்து பார்த்துப் பார்த்து எங்களுக்குப் பழகிவிட்டது.

திருநாதர்குன்றுக்கும் போக நினைத்தேன், வெயில் விடவில்லை. ஒரே பாறையில் சமணர்கள் வணங்கும் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், பக்கத்தில் ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமணத் துறவியின் கல்வெட்டு. அந்த 'ஐம்பத்தேழு' என்ற சொல்லில் வரும் 'ஐ' என்ற எழுத்துக்காகவே கல்வெட்டு ஆட்கள் அதைத் தேடி வருவார்கள், கல்வெட்டில் அந்த எழுத்து முதலில் தென்படுவது அங்கேதான் என்பார்கள். அதைத் தனி வீடியோவாகவே போட வேண்டும்.

அப்புறம், புதுச்சேரி பீச்சில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்களோடு செல்ஃபி எடுத்திருப்பீர்களே? அவை எங்கள் கோட்டைத் தூண்கள். பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து கொண்டுபோனவை. அடுத்த முறை போனால் செஞ்சிக்காரன் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பேட்டரி நான்கு சதவீதம் காட்டுகிறது. குரங்கு பஞ்சைக் கீழே போட்டுவிட்டது, போய் எடுத்துக்கொண்டு இறங்குகிறேன்.